வத்தல் ஆஸ்பத்திரி

ஆசை மூளையில் எந்த இடத்தில் எரிகிறது என்று கண்டுபிடித்த பிறகு, அதை வற்றவைப்பது பெரிய காரியமாக இல்லை. ஒன்றரை நிமிடம் போதும்.

வேலாங்குளத்தில் அந்த நிலையம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வாசல் பலகையில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'வத்தல் ஆஸ்பத்திரி' என்பார்கள். குடியை விட முடியாதவன், சீட்டாட்டத்தை விட முடியாதவன், பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டவள் என்று எல்லாரும் வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கம்பியில்லாத ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு, எது வேண்டாமோ அதையே முழு மூச்சாக நினைக்க வேண்டும். குடிகாரனுக்கு மூக்குக்குக் கீழே பாட்டிலைத் திறந்து காட்டுவார்கள். நகைப் பித்துப் பிடித்தவளுக்குக் கழுத்து நிறையப் போட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார வைப்பார்கள். ஆசை உச்சிக்குப் போகும்போது அங்கே வேலை பார்க்கிற பட்டுராணி மிதியை அழுத்துவாள். அந்த நேரத்தில் எது எல்லாவற்றையும் விட உயரமாக எரிகிறதோ அது மட்டும் வற்றும். மற்றவை அப்படியே இருக்கும்.

மிதி என்றால் தையல் மெஷினில் இருப்பது மாதிரிதான். ஒன்றரை நிமிடம் காலை எடுக்காமல் அழுத்த வேண்டும். இடையில் எடுத்துவிட்டால் ஒன்றும் நடக்காது. டாக்டர் எஸ்தர் வேண்டுமென்றே அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்.

"பட்டன்னா கை தவறிப் பட்டுடும், பட்டுராணி. ஒருத்தரோட ஆசைய எடுக்கறவங்க அந்த ஒன்றரை நிமிஷமும் 'ஆமா, எடுக்கறேன்'னு தெரிஞ்சே இருக்கணும்."

பட்டுராணி நான்கு வருடத்தில் எண்ணூறு பேருக்கு மேல் மிதித்துவிட்டாள். வேண்டாததைக் கழற்றிப் போட்டவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இறுக்கமான செருப்பைக் கழற்றியவர்கள் மாதிரி இருப்பார்கள். அவள் மட்டும் ஒருநாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் எது வற்றும் என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் பின்கட்டில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாசானம் வந்தான். அவள் புருஷன் தளவாயின் தம்பி.

"மதினி, வியாழக்கிழமை ஒங்ககிட்ட யாரு வாரான்னு பாத்தீயளா?"

"பாத்தேன்."

"பாத்துட்டும் சோறு எறங்குதாக்கும்?"

"எறங்குது. உக்காரு தம்பி."

அவன் உட்காரவில்லை. தோளில் தொங்கிய பையைத் தட்டிக் காட்டினான். உள்ளே இரும்பு இருக்கிற சத்தம் கேட்டது.

வியாழக்கிழமைப் பட்டியலில் இருந்த பெயர் கொம்பையா. பதினொரு வருடத்துக்கு முன்னால் கோயில் கொடைத் திருவிழாவில் தளவாயை வெட்டியவன். உள்ளே பத்து வருடம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் வெளியே வந்திருந்தான்.

சண்டை பரிவட்டத்துக்காக. கொடையன்று சாமிக்குச் சாத்திய துணியை எடுத்துப் பூசாரி ஒரு ஆளின் தலையில் கட்டுவார். ஒரு முழத் துணி. அதை முதலில் வாங்குவது எந்தக் குடும்பம் என்று இரண்டு குடும்பங்கள் இருபத்திரண்டு வருடமாக வெட்டிக்கொண்டன. இதுவரை ஆறு பேர். ஒவ்வொரு தடவையும் ஒருவன் விழுந்ததும் வெட்டியவன் அருவாளைத் தூக்கிப் பிடித்து, "பரிவட்டம் எங்களுக்கு!" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் அந்த வெட்டு கணக்கில் வராது.

ஆறாவது ஆள் தளவாய். பரிவட்டம் வாங்கத் தலையைக் குனிந்து நின்றான். குனிந்த கழுத்தில்தான் வெட்டு விழுந்தது. வெட்டியவன் யார் என்று கடைசிவரை அவன் பார்க்கவே இல்லை. பூஜைத் தட்டோடு நின்ற பட்டுராணிதான் பார்த்தாள். தட்டில் இருந்த தேங்காய் மூடிக்குள் ரத்தம் தேங்கியதையும் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் மதினி. டாக்டரம்மா சாப்பிடப் போற நேரம் இந்தப் பின்கதவத் தொறந்து வச்சாப் போதும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"வெட்டுனா எவ்வளவு நேரத்துல சாவான்?"

"ஒரு நிமிஷம். நல்லா விழுந்தா அதுகூட இல்ல."

"பதினோரு வருஷம் நான் காத்துக் கெடந்தது அந்த ஒரு நிமிஷத்துக்கா?"

பட்டுராணி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"மனுசனுக்கு எல்லாத்தையும் விடப் பெரிய ஆசை எது, சொல்லு பாப்போம்."

"பரிவட்டம்" என்றான் மாசானம், கொஞ்சமும் யோசிக்காமல்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உசுரோட இருக்கணும்ங்கதுதான், கூறுகெட்டவனே. கழுத்துல அருவாள வச்சா அதுதான உச்சிக்கு வரும்? அந்த நேரம் பாத்து நான் மிதிச்சா?"

"உசுரு போயிருமா?"

"உசுரு போவாது. உசுரு வேணும்ங்கது போயிரும். திங்கணும்னு தோணாது. தீப்பிடிச்சு எரிஞ்சாலும் நவுந்து உக்காரணும்னு தோணாது. ஊரு பாக்க உக்காந்த எடத்துலயே வத்திப்போவான். நீ உள்ள போவ வேண்டாம். நானும் போவ வேண்டாம்."

மாசானம் பையைத் தோளிலிருந்து இறக்கினான். பிறகு அடித்தொண்டையில் சிரித்தான்.

"ஆத்தாடி மதினி. நல்லவேள, நீங்க எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டீய."

வியாழக்கிழமை ஒரு மணிக்கு டாக்டரும் நர்ஸும் சாப்பிடப் போனார்கள். ஒன்று பத்துக்குக் கொம்பையா உள்ளே வந்தான்.

பட்டுராணி மனதில் வைத்திருந்த ஆள் இவன் இல்லை. அந்த ஆளுக்கு அகலமான நெஞ்சு இருந்தது. இவனுக்குச் சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. நாற்காலி இருந்தும் தரையில் குத்தவைத்தான். 'எந்திச்சு மேல உக்காரும்' என்று அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே மார்புப் பட்டியை இழுத்து மாட்டினாள். தலைப்பட்டையை வைத்தாள். திரையில் கோடுகள் வந்தன. பசி, தாகம், உயிர் மூன்றும் எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருப்பதால் அவற்றுக்குப் பெயர் போட்டிருக்கும். மற்ற கோடுகள் அவரவர் சொந்தம். பெயர் கிடையாது.

"எந்த ஆசைய எடுக்கணும்?" என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

"பரிவட்டம், தாயி."

அவள் கை நின்றது.

"ஜெயில்ல பத்து வருஷம் கெடந்தேன். விட்டுரும்னு நெனச்சேன். விடல. ராத்திரி எல்லாரும் தூங்குன பொறவு துண்ட எடுத்துத் தலையில கட்டிப் பாப்பேன். சிரிக்காதீய. நாளைக்கழிச்சு கொடை. கொட்டுச் சத்தம் கேட்டா நான் போயிருவேன். போனா ஒண்ணு வெட்டுவேன், இல்ல வெட்டுப்படுவேன். எனக்கு அது வேண்டாம். ஆனா வேணும்ங்குது, பாத்துக்கிடுங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். தளவாய் பொஞ்சாதி. மதுரையில உள்ள மெஷினுக்குப் போனா நாலு மாசம் காத்திருக்கணும்னுட்டாவ. கொடை அதுவரைக்கும் நிக்காதுல்லா." அவன் சரிந்த சட்டையை இழுத்துவிட்டான். "ஒங்க கையால எடுத்தா நல்லதுன்னும் தோணிச்சு."

பெயரில்லாத கோடு ஒன்று அவன் பேசப் பேச ஏறிக்கொண்டிருந்தது. முக்கால் உயரம் வந்துவிட்டது. இப்போதே மிதித்தால் அது வற்றிவிடும். எழுந்து, இறுக்கமான செருப்பைக் கழற்றியவன் மாதிரி வீட்டுக்குப் போய்விடுவான். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவான்.

அதைத்தான் பட்டுராணியால் தாங்க முடியவில்லை. அவள் பின்கதவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினாள்.

மாசானம் சத்தமில்லாமல் உள்ளே வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அருவாளின் வளைவைக் கொம்பையாவின் தொண்டைக்குழியில் பொருத்தினான்.

"என்ன கொம்பையா, சௌக்கியமால?"

உயிர்க் கோடு குதித்தது. மற்ற எல்லாக் கோடுகளும் அதற்குக் கீழே போயின. ஆனாலும் உச்சிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. பட்டுராணி தலையை ஆட்டினாள். மாசானம் இடது கையால் அவன் காதைப் பிடித்து இழுத்து, அருவாளை ஒரு தடவை மேலிருந்து கீழே இறக்கினான். காது அவன் கையோடு வந்தது. அதைக் கொம்பையாவின் மடியில் போட்டான்.

கொம்பையா கத்தினான். கோடு உச்சியைத் தொட்டது. பட்டுராணி மிதியை அழுத்தினாள்.

ஒன்றரை நிமிடம் என்பது நீளமான நேரம். கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து விநாடியில் அவன் கழுத்தும் சட்டையும் சிவப்பாகிவிட்டன. முப்பது விநாடியில் அவன் நாற்காலியின் கைப்பிடியை நகத்தால் பிறாண்டினான். "தாயி, விடச்சொல்லும், தாயி, ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குதேன்" என்றான். கோடு லேசாக இறங்கியபோது மாசானம் கொம்பையாவின் தோளில் அருவாளால் ஒரு கீறல் போட்டான். நாற்பது. ஐம்பது. காலை எடுத்துவிட்டால் போதும் என்று பட்டுராணிக்குத் தெரியும். தளவாய்க்கு 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு விநாடிகூடக் கிடைக்கவில்லை என்பதும் தெரியும். எழுபது. "வேண்டாம், வேண்டாம், வேண்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் கடைசி வார்த்தையை முடிக்கவில்லை. வாய் திறந்தபடி நின்றது. பிறகு மெதுவாக மூடியது.

தொண்ணூறு. அவள் காலை எடுத்தாள். உயிர் என்று பெயர் போட்ட கோடு திரையின் அடியில் கிடந்தது.

வற்றவைத்துக்கொண்டவர்கள் கண் திறந்ததும் தண்ணீர் கேட்பார்கள். கொம்பையா கேட்கவில்லை. மடியில் கிடந்த காதை எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேஜையில் வைத்தான். தொண்டையில் அருவாள் இருப்பதைக் கண்டுகொள்ளவில்லை.

"ஆயிட்டா மதினி?"

"ஆயிட்டு. போ நீ. டாக்டர் வந்துருவாவ."

மாசானம் போயிருக்க வேண்டும். பின்கதவு ஆறடி தூரத்தில் இருந்தது. ஆனால் எதிராளியை வீழ்த்திவிட்டுக் கத்தாமல் போவது அவன் வீட்டு வழக்கத்தில் இல்லை. அவன் அப்பா கத்தியிருந்தார், அவன் அண்ணன் கத்தியிருந்தான். ஒரே வீச்சில் மார்புப் பட்டியை அறுத்துவிட்டு முன்னால் வந்து நின்றான்.

"எந்திச்சு ஓடுல பாப்போம். ஓட மாட்டியே. இந்தா கேட்டுக்க." அருவாளைத் தலைக்கு மேல் தூக்கினான். "பரிவட்டம் எங்களுக்கு!"

கொம்பையா நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பெயரில்லாத கோடு தனியாக, வேகமாக மேலே ஏறுவதைப் பட்டுராணி பார்த்தாள். அதைப் பிடித்து வைக்க மேலே வேறு எதுவும் இல்லை.

"மாசானம், வெளிய போயிரு!" என்று கத்தினாள்.

அவன் திரும்புவதற்குள் கொம்பையா எழுந்துவிட்டான். அருவாளின் வெட்டுப் பக்கத்தை வெறும் கையால் பிடித்தான். சாதாரண மனிதனின் கை அந்த இடத்தில் தயங்கும். இவன் கை தயங்கவில்லை. இரும்பு எலும்பில் உரசுகிற சத்தம் கேட்டது. அப்படியே இழுத்துப் பிடுங்கி, கைமாற்றி, வீசினான். மாசானம் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். மூன்று விரல்கள் தரையில் விழுந்தன. ஒன்று உருண்டு பட்டுராணியின் மேஜைக்குக் கீழே வந்தது.

மாசானம் மண்டியிட்டு விழுந்து மாட்டைப் போல அலறினான்.

"பரிவட்டம் எங்களுக்கு" என்றான் கொம்பையா. அவன் கத்தவில்லை. சந்தையில் விலை சொல்கிற மாதிரிச் சொன்னான். பிறகு பட்டுராணியிடம், "துணி பூசாரி வீட்டுலதான இருக்கும்? போயி வாங்கிக்கிடுதேன்" என்றான்.

வாசலை நோக்கி நடந்தான். நடந்த இடமெல்லாம் ரத்தம் சொட்டியது. பூசாரி வீட்டில் இந்த நேரம் அவர் மனைவியும் மருமகளும்தான் இருப்பார்கள். வழியில் மாசானத்தின் சொந்தக்காரர்கள் டீக்கடையில் நிற்பார்கள். அவர்கள் இவனை வெட்டினாலும் இவன் நிற்கமாட்டான். சாகப் பயந்தவனைத்தான் வெட்டி நிறுத்த முடியும்.

என்ன செய்துவிட்டோம் என்று பட்டுராணிக்கு அப்போதுதான் உறைத்தது. இவனிடம் இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று இவனுக்குத் தேவை. இன்னொன்று யாருக்கும் தேவையில்லை. அந்தத் தேவையில்லாததைத் தூக்கிக்கொண்டு இவனே வந்து, எடுத்துவிடச் சொன்னான். அவள் மற்றதை எடுத்துவிட்டாள்.

தலைப்பட்டை இன்னும் அவன் தலையில்தான் இருந்தது.

அவள் மருந்துத் தட்டிலிருந்து வெள்ளைக் கட்டுத் துணிச் சுருளை எடுத்தாள். கொடையில் பூசாரி கூப்பிடுகிற ராகத்தில் கூப்பிட்டாள்.

"பூலுடையார் மகன் கொம்பையா! முதப் பரிவட்டம் வாங்க வாரும்!"

கொம்பையா வாசலில் நின்றான்.

"மதினி!" என்றான் மாசானம் தரையிலிருந்து.

"வாரும். தளவாய் பொஞ்சாதி கையால கட்டுதேன். பூசாரி கட்டுதது பெருசா, இது பெருசா? நீரே சொல்லும்."

அவன் திரும்பி வந்தான். அவன் கண் துணியின் மேலேயே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, அருவாளைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பித் தலையைக் குனிந்தான். பட்டுராணி மிதியைக் காலால் நாற்காலிப் பக்கம் இழுத்தாள். துணியின் நுனியை அவன் நெற்றியில் வைத்தாள். கோடு உச்சிக்குப் போனது. மிதித்தாள்.

மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒன்றரை நிமிடம் வரை துணி தாங்க வேண்டும்.

முதல் சுற்றில் காது இருந்த இடத்தில் துணி சிவந்தது. குனிந்த கழுத்து அவளுக்கு முன்னால் இருந்தது. கழுத்தெலும்பு முண்டு முண்டாகத் தெரிந்தது.

"மதினி, ஒங்க காலடியிலதான கெடக்கு அருவா! எடுங்க! ஒரே போடு!" மாசானம் கையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு கதறினான். "எங்கண்ணன வெட்டுன நாயி தலையிலயா கட்டுதீய? நீங்க நல்லாருப்பீயளா?"

அருவாள் அவள் வலது காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. எடுக்க வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தால் இடது கால் மிதியை விட்டு எழும்பிவிடும். அவள் உடம்பு முழுதும் குனியத்தான் சொன்னது. துணி கோணலாகப் போனது. அதைச் சரிசெய்து இன்னொரு சுற்று சுற்றினாள். இன்னொன்று. கொம்பையாவின் கூப்பிய கையிலிருந்து ரத்தம் அவள் புடவையில் வடிந்தது. அவன் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு எழுபது, எண்பது விநாடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

துணி தீர்ந்தது. காலை எடுத்தாள்.

கொம்பையா தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்தான். எதற்காக இதைத் தொடுகிறோம் என்று யோசிக்கிறவன் மாதிரிக் கையை இறக்கிவிட்டான்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டியதில்ல, தாயி" என்றான்.

எண்ணூறு பேரும் 'இனி இது வேண்டாம்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 'ஒன்றும் வேண்டாம்' என்று யாரும் சொன்னதில்லை. அவள் மேஜைக்குப் போய் இரண்டு தடவை மிதித்த பதிவுகளையும் அழித்தாள்.

டாக்டர் எஸ்தர் வந்தபோது மாசானம் அரை மயக்கத்தில் இருந்தான். அந்த நிலையிலும், வெட்டைப் பற்றி வெளியாளிடம் சொல்லாத அவர்கள் குடும்ப வழக்கப்படிதான் பேசினான்.

"வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்."

"அவரு?"

"அவனும்தான்."

"ரெண்டு பேர் ரத்தம், ஒரு அருவா, ஒரு காது, மூணு விரல். எல்லாரும் சேர்ந்து வழுக்கி விழுந்தீங்களா?" டாக்டர் பட்டுராணியைப் பார்த்தார். "நீ சொல்லு."

"பட்டை மாட்டிக்கிட்டு இருந்தேன் டாக்டர். மாசானம் உள்ள வந்துட்டாரு" என்றாள். அது பொய் இல்லை. முழுதாகவும் இல்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மாசானம் அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். வாயில் எச்சில் நுரைத்திருந்தது.

"நீங்க கட்டுனத நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நீங்களும் வாயத் தொறக்காதீய. அவன் தானா செத்துருவான். கேட்டீயளா மதினி? ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

கொம்பையாவுக்குக் காது இருந்த இடத்திலும் தோளிலும் உள்ளங்கையிலும் தையல் போட்டு முன்பக்க வார்டில் படுக்க வைத்தார்கள். போலீஸ் கொடை பந்தோபஸ்து முடிந்துதான் வருவோம் என்று சொல்லிவிட்டது. அவனைப் பார்க்க யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை இட்லி அப்படியே இருந்தது. மத்தியானச் சோறும் அப்படியே இருந்தது. ராத்திரி நர்ஸ் மெர்லின் குளுக்கோஸ் ஏற்றினாள்.

"ஏன் அண்ணாச்சி, பசிக்கலயா?"

"பசிக்கி."

"பெறவு?"

"எதுக்குச் சாப்பிடணும்னு தெரியல."

மெர்லின் இதைச் சிரிப்பாகப் பட்டுராணியிடம் சொன்னாள். பட்டுராணி சிரிக்கவில்லை. இரண்டு நாளாக அவளுக்கும் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

சனிக்கிழமை டாக்டர் வார்டைச் சுற்றி வந்தார். "புண்ணு ஆறுது. சாப்பிடாம இருக்கறது அதிர்ச்சிதான். நாளைக்குக் காலைல வீட்டுக்கு அனுப்பிடலாம். சொந்த இடத்துக்குப் போனா தானா சாப்பிடுவாரு."

கொம்பையாவின் வீடு என்பது குளத்தங்கரையில் ஒற்றை அறை. அங்கே அவன் மட்டும்தான். பாயைக்கூட விரிக்காமல் உட்காருவான். ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள். ஊர், அவனாகச் செத்தான் என்று சொல்லும். பட்டுராணி பதினொரு வருடமாகக் கேட்டது இதுதான். கேட்டபடியே, ஒரு துளி குறையாமல் கிடைத்திருக்கிறது. இனி அவள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும்தான்.

தூரத்தில் கொட்டுச் சத்தம் தொடங்கிப் பிறகு நின்றது. கோயிலுக்குப் போய் வந்த மெர்லின் செய்தி சொன்னாள். இரண்டு குடும்பத்திலும் பரிவட்டம் வாங்க உரிமையுள்ள ஆள் யாரும் வரவில்லை. பூசாரி கொஞ்ச நேரம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். பிறகு பக்கத்தில் இருந்த கல்தூணில் கட்டிவிட்டு அடுத்த பூஜையைப் பார்க்கப் போய்விட்டாராம். "சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடல. மழைதான் தூத்துச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு தட்டில் சோறும் சாம்பாரும் பீன்ஸ் பொரியலும் வைத்துக் கொம்பையாவின் ஸ்டூலில் வைத்தாள்.

பட்டுராணி வார்டு வாசலில் நின்றாள். கொம்பையா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் வருத்தம் இல்லை, பயம் இல்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. சோற்றில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. அவன் அதை விரட்டவில்லை.

அவளுக்குள் இருந்த பழி அவளிடம் பேசிக்கொண்டுதான் இருந்தது. பார், எவ்வளவு நன்றாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நில். நாளைக்குப் போய்விடுவான். அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வற்றவைக்க அவளுக்கு மிதி இல்லை. அறையைப் பூட்டிச் சாவியை டாக்டர் வைத்திருந்தார். அந்தக் குரலுக்கு இத்தனை வருடம் தான் தின்னக் கொடுத்ததெல்லாம் என்ன என்று யோசித்தாள். இரண்டாம் கல்யாணம் பேசி வந்த அத்தை மகனை விரட்டியது. தளவாயின் முகத்தை விட இவன் முகத்தை அதிகம் நினைத்தது. எண்ணூறு பேர் லேசாகி எழுந்து போனபோது தான் மட்டும் எழாமல் இருந்தது. இன்னும் கேட்கிறது. இவன் செத்த பிறகும் கேட்கும்.

கொம்பையாவின் கட்டில் பக்கத்தில் போய் ஈயை விரட்டினாள்.

"சாப்பிடும்" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். யாரோ சொன்னதால் செய்கிறவன் மாதிரி, நல்ல கையால் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். மென்றான். கை மடிக்குப் போய்விட்டது.

"இன்னொரு வாய்."

எடுத்தான்.

"இன்னொரு வாய்."

ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் கை நின்றுவிடும். இருபதாவது வாயில் டாக்டர் உள்ளே வந்தார்.

"என்ன பட்டுராணி இது? குழந்தைக்கு ஊட்டற மாதிரி?"

"சொன்னாத்தான் சாப்பிடுவாரு டாக்டர். உசுரு வேணும்ங்கத நான் எடுத்துட்டேன். தொண்ணூறு செக்கண்டு. தெரிஞ்சேதான் மிதிச்சேன். மாசானம் உள்ள வந்தது நான் கதவத் தொறந்து வச்சதால. இவரு கேட்டதயும் எடுத்தேன், பெறவு. ரெண்டு பதிவையும் அழிச்சுட்டேன்."

டாக்டர் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அது திரும்பி வராது, தெரியும்ல? ஒவ்வொரு வேளையும் யாராவது பக்கத்துல இருந்து சொல்லணும்."

"தெரியும்."

"போலீஸுக்கு நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க. கொண்டுபோற வரைக்கும் நான் சொல்லுதேன். பெறவு மெர்லினுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."

"உனக்கு அந்தக் கோவம்..." டாக்டர் வார்த்தை தேடிப் பேசினார். "வேணும்னா மதுரை மெஷின்ல உனக்கு அதை எடுத்துடச் சொல்லலாம். உள்ள போறதுக்கு முன்னாடி."

பட்டுராணி தட்டைக் கொம்பையாவின் பக்கம் நகர்த்தினாள்.

"இருக்கு டாக்டர். இருந்துட்டுப் போவுது. அது கேக்கறதயெல்லாம் நான் குடுக்க வேண்டாம்லா?"

டாக்டர் எழுந்து போன் செய்யப் போனார். தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது.

"இன்னொரு வாய்" என்றாள் பட்டுராணி.

கொம்பையா சோற்றைப் பிசைந்து கையில் எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. முதல் தடவையாக அவள் முகத்தைக் கவனமாகப் பார்த்தான். அவன் தலைக்குள் என்னென்ன கோடுகள் மிச்சம் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியாது. அவள் எடுத்தது இரண்டுதான்.

"நீ சாப்பிட்டியா, தாயி?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப நீயும் சாப்பிடு" என்றான்.

பட்டுராணி மெர்லினைக் கூப்பிட்டு இன்னொரு தட்டு கேட்டாள்.